குறிப்பு எழுதியவர்

பதவி உயர்வுக் கோப்பு ஒன்றில் நான் இட்ட கையொப்பம் மூன்று ஆண்டுகளாக என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது. அந்தக் கோப்பில் பொய் எதுவும் இல்லை. ‘கடந்த மூன்றாண்டுகளில் இவருடைய ஆய்வு வெளியீடுகள் குறைந்துள்ளன, எனினும் துறையின் நிர்வாகப் பணிகளில் இவர் காட்டிவரும் ஈடுபாடு பாராட்டுக்குரியது, அடுத்த சுற்றில் பரிசீலிக்கலாம்’ என்று மதிப்பீட்டுக் குழு எழுதியிருந்தது. வெளியீடுகளின் எண்ணிக்கையை நானே சரிபார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. மறுக்கும்போதும் இரண்டு நல்ல வார்த்தை சேர்த்திருக்கிறோமே என்ற நிறைவோடு பேனாவை மூடி வைத்தேன். கோப்பு மேலே போயிற்று.

இதில் வேடிக்கை என்னவென்றால், அதே ஆண்டில் எங்கள் துறையின் பாலினச் சமத்துவத் திட்டத்தை எழுதியவனும் நானே. இருபத்திரண்டு பக்கம், நான்கு வட்ட வரைபடம். துறைத்தலைவர் என்ற முறையில் கடமைக்குச் செய்ததென்று சொல்லிவிட முடியாது. மனமொப்பித்தான் எழுதினேன், அதைப் பற்றிக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. அதன் மையமான விதி ஒரே வரியில் அடங்கும்: துறையின் ஒவ்வொரு குழுவிலும் குறைந்தது ஒரு பெண் இடம்பெற வேண்டும். ஆசிரியர் கூட்டத்தில் அதை வாசித்தபோது ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. பாடவேளைப் பட்டியலில் அரை மணி நேரம் மாறினாலே ஒரு மணி நேரம் வாதாடும் துறை எங்களுடையது. அப்படிப்பட்டவர்கள் மறுபேச்சின்றி ஏற்றுக்கொண்ட ஒரு விதியைப் பற்றி எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். அங்கே உட்கார்ந்திருந்த பெரும்பான்மையோரிடமிருந்து அந்த விதி எதையும் கேட்கவில்லை. அதனால்தான் அவ்வளவு எளிதாக நிறைவேறியது.

பதினொரு குழுக்களும் மூன்று பெண்களும்

துறையில் ஆசிரியர்கள் பத்தொன்பது பேர். பெண்கள் மூவர், அவர்களில் ஒருவர் ஆய்வு விடுப்பில் இருந்தார். குழுக்களோ பதினொன்று: சேர்க்கை, பாடத்திட்டம், நூலகம், ஆய்வகப் பாதுகாப்பு, மாணவர் குறைதீர்ப்பு, கருத்தரங்கம், இன்னபிற. பகுப்பாய்வே தொழிலாகக் கொண்டவர்கள் நிறைந்த துறையில் பதினொன்றை இரண்டால் வகுத்துப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான். பதவி உயர்வு மறுக்கப்பட்டவர் அந்த இருவரில் ஒருவர்.

முடிவு வெளியான மறுவாரம் அவர் என் அறைக்கு வந்தார். மேல்முறையீட்டுக் கடிதம் கொண்டுவருவார் என்று எதிர்பார்த்து, ஆறுதலாகச் சொல்லச் சில வாக்கியங்களையும் தயாராக வைத்திருந்தேன். அவர் கொண்டுவந்தது கோடு போட்ட நான்கு தாள்கள். கையால் எழுதிய அட்டவணை. நான்கு நிரல்கள்: தேதி, குழு, கூட்டம் நீடித்த நேரம், குறிப்பு எழுதியவர். இரண்டு ஆண்டுகளுக்கு எழுபத்து நான்கு வரிசைகள். கடைசி நிரலை மட்டும் மேலிருந்து கீழாகப் பார்த்தேன். அறுபத்து மூன்று இடங்களில் அவருடைய முதலெழுத்து. ஒன்பது இடங்களில் இன்னொரு பெண் ஆசிரியருடையது. அந்த நாள்களில் இவர் வெளியூர் சென்றிருந்தார். இரண்டு கட்டங்கள் வெறுமையாக இருந்தன.

“இது ஏன் காலியாக இருக்கிறது?” என்று கேட்டேன்.

“அன்றைக்கு நாங்கள் இருவருமே இல்லை, சார். அந்தக் கூட்டங்களுக்குக் குறிப்பே கிடையாது. கோப்பில் தேடிப் பார்த்துவிட்டேன்.”

அந்த இரண்டில் ஒரு கூட்டம் எனக்கு நன்றாக நினைவிருந்தது. மேசையைச் சுற்றி ஆண்கள் ஏழு பேர் இருந்தோம். யார் குறிப்பெடுப்பது என்ற பேச்சு வந்தபோது ஒருவர், “அடுத்த கூட்டத்தில் சேர்த்துப் பதிவு செய்துகொள்ளலாம்” என்றார். மற்ற அறுவரும் தலையசைத்தோம். அடுத்த கூட்டத்தில் பதிவு செய்யப்போவது யார் என்று எவரும் கேட்கவில்லை. கேட்கத் தேவையிருக்கவில்லை.

“இது புகார் இல்லை, சார். இதில் நானாகக் கேட்டு வாங்கியது எது என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்” என்றார்.

எனக்குச் சங்கடமாக இருந்தது. சங்கடப்படும் அதிகாரிகள் வழக்கமாகச் சொல்வதையே நானும் சொன்னேன்: “முடியாது என்று நீங்கள் ஒருமுறையாவது சொல்லியிருக்கலாமே, மேடம்.”

“முதல் ஆண்டில் இரண்டு முறை சொன்னேன். அந்த ஆண்டு மதிப்பீட்டில் ‘ஒத்துழைப்பு இன்னும் மேம்பட வேண்டும்’ என்று இருக்கிறது. கீழே உங்கள் கையெழுத்துதான்.”

அவர் குரலை உயர்த்தவில்லை. தாள்களை மேசையிலேயே விட்டுவிட்டு, நான்கு மணி வகுப்புக்கு நேரமாகிவிட்டதென்று எழுந்து போனார். அந்த ஆண்டு மதிப்பீட்டைத் தேடி எடுத்துப் பார்த்தேன். அவர் சொன்ன வாக்கியம் சொன்னபடியே இருந்தது. எழுதிய நினைவு எனக்குத் துளியும் இல்லை.

அளவுநாடா

பல்கலைக்கழகங்களில் பெண்களுக்குக் கதவு மூடப்பட்டிருந்த காலத்தைப் பற்றிப் பேசுவது நமக்கு எளிது. 1915இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்துக்கு வந்த கணித அறிஞர் எம்மி நோதர், விரிவுரையாற்றும் உரிமையை 1919இல் பெறும்வரை தம் விரிவுரைகளை அங்கிருந்த கணிதப் பேராசிரியர் டேவிட் ஹில்பர்ட்டின் பெயரில்தான் நடத்த முடிந்தது. 1911இல் மேரி கியூரியைப் பிரெஞ்சு அறிவியல் கழகம் உறுப்பினராக ஏற்க மறுத்தது. அதே ஆண்டின் இறுதியில் அவர் இரண்டாவது நோபல் பரிசைப் பெற்றார். இவற்றைக் கேட்டுவிட்டு, ‘அந்தக் காலத்தில் எவ்வளவு அநியாயம்’ என்று உச்சுக்கொட்டலாம். மூடிய கதவு கண்ணுக்குத் தெரியும். திறந்த கதவு வழியாக உள்ளே வந்தவருக்கு எத்தனை சதுர அடி, எத்தனை மணி நேரம், எந்த வேலை என்பது கண்ணுக்குத் தெரிவதில்லை. யாராவது உட்கார்ந்து அளக்க வேண்டியிருக்கிறது.

அப்படி அளந்தவர் நான்சி ஹாப்கின்ஸ். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் மூலக்கூற்று உயிரியல் பேராசிரியராக இருந்த அவருக்கு, வரிக்குதிரை மீன்களை வைத்து ஆய்வு செய்யக் கூடுதலாகக் கொஞ்சம் இடம் வேண்டியிருந்தது. கிடைக்கவில்லை. தம்மிடம் இருப்பது மற்றவர்களைவிடக் குறைவு என்று அவர் சொன்னதை நம்புவாரும் இல்லை. ஆகவே 1990களின் தொடக்கத்தில் ஒரு நாள் அளவுநாடாவை எடுத்துக்கொண்டு, ஆளில்லாத நேரத்தில் கட்டடம் முழுவதும் ஆய்வகங்களை அளந்தார். மூத்த பேராசிரியரான அவருடைய இடத்தைவிடப் புதிதாகச் சேர்ந்த இளம் ஆண் ஆசிரியர்களுக்கு அதிக இடம் இருந்தது. 1994இல் அந்த அறிவியல் புலத்தில் நிரந்தரப் பணியில் இருந்த ஆண்கள் 194 பேர், பெண்கள் 15 பேர். அந்தப் பெண்களில் ஏறக்குறைய அனைவரும் சேர்ந்து கோரியதன் பேரில் அமைக்கப்பட்ட குழு இடம், ஊதியம், நிதி, பொறுப்புகள் எல்லாவற்றையும் ஆராய்ந்தது. அதன் அறிக்கை 1999இல் வெளிவந்தது. பாகுபாட்டில் ஒரு பங்கு மெய், ஒரு பங்கு மனப்பதிவு என்று அதுவரை எண்ணியிருந்ததாகவும், மெய்யின் பங்கே பெரிது என்று இப்போது உணர்வதாகவும் அந்நிறுவனத்தின் தலைவர் அதில் எழுதினார். அவர் மனத்தை மாற்றியவை அளந்து எழுதிய எண்கள்தாம். பெண்கள் வாயால் சொல்லி வந்தபோது அது மனக்குறையாக மட்டுமே கேட்டிருக்கிறது.

என் மேசையில் கிடந்த நான்கு தாள்களும் ஓர் அளவுநாடாதான் என்று புரிய எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. அந்த இரண்டு நாளும் நான் எனக்குச் சொல்லிக்கொண்ட சமாதானம், பெண்களுக்கு இயல்பாகவே பொறுப்புணர்ச்சி அதிகம், அவர்கள் முன்வருகிறார்கள், நாம் ஏற்றுக்கொள்கிறோம் என்பது. கேட்பதற்குப் புகழ்ச்சி போலவே இருக்கும் இந்தச் சமாதானத்தை ஒரு சோதனை கந்தலாக்கியிருக்கிறது. பொருளியல் அறிஞர் லிண்டா பாப்காக்கும் உடன் ஆய்வாளர்களும் 2017இல் வெளியிட்டது அது. ஒருவரையொருவர் அறியாதவர்களைக் குழுக்களாக உட்காரவைத்து, இரண்டு நிமிடத்துக்குள் யாராவது ஒருவர் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும் என்றார்கள். எவரும் அழுத்தாவிட்டால் எல்லோருக்கும் நட்டம். அழுத்துபவருக்கு மற்றவர்களைவிடக் குறைந்த பணம். ஆண்களும் பெண்களும் கலந்த குழுக்களில் பெண்கள் ஆண்களைப் போல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு முன்வந்தார்கள். பெண்கள் மட்டுமே இருந்த குழுக்களையும் ஆண்கள் மட்டுமே இருந்த குழுக்களையும் ஒப்பிட்டால் வேறுபாடு இல்லை. ஆண்களுக்குப் பொத்தானை அழுத்தத் தெரியாமல் இல்லை; பக்கத்தில் ஒரு பெண் இருந்தால் அவர் அழுத்திவிடுவார் என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. யாரையாவது தேர்ந்தெடுத்துக் கேட்கும் பொறுப்பைத் தனியாக ஒருவரிடம் கொடுத்தபோது, அவரும் பெண்களையே அதிகம் கேட்டார். அவர் ஆணா பெண்ணா என்பதால் அதில் மாற்றம் இல்லை.

எங்கள் ஏழு பேர் கூட்டம் ஆண்கள் மட்டுமே இருந்த கூட்டம்தானே, அங்கே ஏன் ஒருவரும் பேனாவை எடுக்கவில்லை என்று கேட்கலாம். நானும் என்னையே கேட்டுக்கொண்டேன். சோதனைக்கூடத்தில் இரண்டு நிமிடத்தோடு ஆட்டம் முடிந்துவிடும். எங்களுக்கோ அடுத்த வாரம் இருந்தது. அந்த வாரத்தில் அவர் இருந்தார்.

தகுதி என்ற சொல்

இந்த விஷயத்தைத் துறையில் பேசத் தொடங்கியதும், நான் மிகவும் மதிக்கும் மூத்த சகா ஒருவர், “இதெல்லாம் எதற்கு? தகுதியை மட்டும் பார்ப்போம், எல்லாம் தானாகச் சரியாகிவிடும்” என்றார். அவர் நேர்மையானவர். அந்த வாக்கியமும் நேர்மையானதே. ஆனால் தகுதியைப் பார்க்கிற கண் யாருடையது என்ற கேள்வியை அது தாண்டிப் போய்விடுகிறது.

கிறிஸ்டின் வென்னெராஸ், அக்னஸ் வோல்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் சுவீடன் மருத்துவ ஆய்வுக் குழுமத்தின் மதிப்பெண் பட்டியல்களை வழக்காடித்தான் பெற்றார்கள். 1995இல் அந்தக் குழுமத்தின் ஆய்வுநல்கைக்கு, அதாவது ஆய்வு உதவித்தொகைக்கு, விண்ணப்பித்த 114 பேரில் பெண்கள் 52. நல்கை பெற்ற இருபது பேரில் பெண்கள் நால்வர். வெளியீடுகளின் எண்ணிக்கையையும் அவை வெளியான இதழ்களின் மதிப்பையும் கணக்கில் கொண்டு பார்த்தபோது, ஓர் ஆணுக்குக் கிடைத்த அதே தகுதி மதிப்பெண்ணைப் பெற ஒரு பெண் சராசரியாக அவரைப் போல் இரண்டரை மடங்கு சாதித்திருக்க வேண்டியிருந்தது. நடுவர்களுக்குத் தெரிந்தவராக இருப்பதும் கிட்டத்தட்ட அதே அளவுக்கு உதவியிருந்தது. 1997இல் இது வெளியானது. பாலினச் சமத்துவத்துக்குப் பேர்பெற்ற நாட்டில் நடந்தது என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். மாறாக, ஹபிள் விண்வெளித் தொலைநோக்கியின் நேரத்தைப் பங்கிடுகிறவர்கள் 2018இல் விண்ணப்பதாரர் பெயரை நடுவர்களிடமிருந்து மறைத்தார்கள். அந்தச் சுற்றில் பெண்கள் தலைமையேற்ற விண்ணப்பங்களின் வெற்றி விகிதம் முதல்முறையாக ஆண்களுடையதைச் சற்றே தாண்டியது. சகா சொன்னதுபோல் அங்கே தகுதியை மட்டும்தான் பார்த்தார்கள். அதற்குப் பெயரை மறைக்க வேண்டியிருந்தது.

நல்லெண்ணத்தோடு வகுக்கிற விதியும் குப்புறக் கவிழலாம் என்பதற்கு என்னுடையதைவிடப் பெரிய சான்று ஒன்று உண்டு. குழந்தை பிறந்தால் நிரந்தரப் பணி பெறத் தகுதியைக் காட்ட வேண்டிய காலக்கெடுவைத் தாய், தந்தை இருவருக்கும் சமமாக நீட்டிக்கும் முறையை அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல கொண்டுவந்தன. முன்னணிப் பொருளியல் துறைகளில் அதன் விளைவை ஆராய்ந்து 2018இல் வெளியான கட்டுரை, அந்த முறை வந்தபின் அங்கே ஆண்கள் நிரந்தரமாவது கூடியது, பெண்கள் நிரந்தரமாவது குறைந்தது என்று காட்டியது. கிடைத்த கூடுதல் ஆண்டில் ஆண்கள் சிறந்த இதழ்களில் கூடுதலாக வெளியிட்டார்கள். பெண்களால் அது முடியவில்லை. சமமாகக் கொடுத்த காலம் சமமாகப் பயன்படவில்லை. இதைப் படித்த இரவு, என் இருபத்திரண்டு பக்கத்தையும் மீண்டும் எடுத்துப் பார்த்தேன். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆய்வு நிதியைப் பெறப் பொது ஆய்வு நிறுவனங்களும் பல்கலைக்கழகங்களும் சமத்துவத் திட்டம் வைத்திருக்க வேண்டும் என்பது 2022 முதல் கட்டாயம். அந்தத் திட்டத்துக்கென்று தனியே ஆளும் பொருளும் ஒதுக்க வேண்டும் என்பதும் அதன் நிபந்தனைகளில் ஒன்று. எங்கள் திட்டத்தில் ஒதுக்கீடு என்று ஒரு மணி நேரம்கூட இல்லை. அந்த நேரத்தை அந்த இரண்டு பெண்களிடமிருந்து எடுத்துக்கொண்டோம்.

பழைய பெயரில் ஒரு கட்டுரை

திட்டத்தைத் திருத்தி எழுதிக்கொண்டிருந்தபோது முன்னாள் மாணவர் ஒருவர் பரிந்துரைக் கடிதம் கேட்டு எழுதினார். எங்களிடம் முதுநிலை படித்தபோது பெண் என்று பதிவானவர். இப்போது திருநம்பியாக, வேறு பெயரோடு வாழ்கிறார். அவருடைய மிகச் சிறந்த கட்டுரை பழைய பெயரில் வெளியாகியிருந்தது. விண்ணப்பத்தில் அதைச் சேர்த்தால், முன்பின் தெரியாத தேர்வுக் குழுவிடம் தம் வாழ்க்கையையே திறந்து காட்ட வேண்டும். சேர்க்காவிட்டால் தம் பணியில் பாதியை இழக்க வேண்டும். ‘கடிதத்தில் எந்தப் பெயரை எழுதுவது என்று உங்களுக்குக் குழப்பம் இருக்கலாம்’ என்று அவரே என் பொருட்டு வருந்தியிருந்தார்.

அதுவரை சமத்துவம் என்று நான் எழுதியதெல்லாம் இரண்டு நிரல் கொண்ட கணக்கு. வட்ட வரைபடங்களில் நிறம் இரண்டே. இவரை எந்த நிறத்தில் வைப்பது என்ற கேள்வி எனக்கு முன்பு வந்ததில்லை. வந்தபோதும் மூன்றாவதாக ஒரு நிறம் சேர்த்துவிட்டால் போதும் என்றுதான் முதலில் நினைத்தேன். அவருக்கு வேண்டியிருந்தது வேறு. பிழைதிருத்தம் என்ற பொது அறிவிப்பு இல்லாமல், பழைய கட்டுரையில் ஆசிரியர் பெயரை மாற்றித்தரும் ஏற்பாட்டைப் பெரிய ஆய்விதழ்ப் பதிப்பகங்கள் பலவும் 2020ஐ ஒட்டிய ஆண்டுகளில் தொடங்கியிருந்தன. இதழுக்கு எழுதினோம், சில வாரங்களில் மாற்றிக்கொடுத்தார்கள். எங்கள் பல்கலைக்கழக ஆவணத்தில் பெயரை மாற்ற அதைவிட அதிகக் காலம் பிடித்தது. அந்தக் கதை எனக்கே அலுப்பூட்டுவது, விட்டுவிடுகிறேன்.

பென் பாரஸ் என்ற நரம்பியல் அறிஞரைப் பற்றி அவர்தான் எனக்குச் சொன்னார். ஸ்டான்ஃபோர்டில் பேராசிரியராக இருந்த பாரஸ், நாற்பது வயதைக் கடந்த பின் திருநம்பியானவர். மாணவப் பருவத்தில் வகுப்பிலேயே தாம் ஒருவர் மட்டும் தீர்த்த கணக்கை, காதலன்தான் போட்டுத் தந்திருக்க வேண்டும் என்று ஆசிரியர் சொன்னதை அவர் பதிவு செய்திருக்கிறார். ஆணாக மாறியபின் அவர் ஆற்றிய ஓர் உரையைக் கேட்ட ஒருவர், இவருடைய ஆய்வு இவருடைய சகோதரியின் ஆய்வைவிட எவ்வளவோ மேல் என்று பாராட்டினாராம். அந்தச் சகோதரி வேறு யாருமில்லை, அவரேதான். ஒரே மூளை, ஒரே ஆய்வகம், ஒரே கைகள். பெயரை மட்டும் மாற்றி, மற்ற எல்லாவற்றையும் அப்படியே வைத்து ஒரு சோதனை நடத்த வேண்டுமென்றால் இதைவிடத் துல்லியமாக எவராலும் வடிவமைக்க முடியாது.

மூன்று வரி

திருத்திய திட்டம் ஒன்பது பக்கம். பதினொரு குழுக்களை ஆறாகக் குறைத்தோம். ஐந்தை மூடியதால் இன்றுவரை எந்தக் கேடும் நேரவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன். ஆள் எடுப்பது, பதவி உயர்வு, இட ஒதுக்கீடு என்று முடிவெடுக்கும் குழுக்களில் மட்டும் பெண்கள் கட்டாயம். அந்தப் பொறுப்பை ஏற்பவருக்கு ஒரு பாடவேளை குறையும். பெயர் மாறியவர்களின் ஆவணங்களைத் திருத்துவதற்குப் பொறுப்பான ஆள் யார் என்று ஒரு பெயர் எழுதினோம். கூட்டக் குறிப்பு எழுதுவது அகர வரிசைப்படி சுற்றிவரும். வராதவருடைய முறை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போகுமே தவிர அடுத்தவருக்குப் போகாது. இந்தக் கடைசி விதிக்குத்தான் கடும் எதிர்ப்பு வந்தது. முதல் திட்டத்துக்குக் கிடைத்த ஒருமித்த ஒப்புதலை நினைத்துக்கொண்டேன்.

முதல் சுற்றில் தகுதியைப் பற்றிப் பேசிய அதே சகாவின் முறை வந்தது. அறுபது வயதில் முதன்முறையாகக் குறிப்பெடுத்தார். நடுவே இரண்டு முறை, “கொஞ்சம் நிறுத்துங்கள், எழுதிக்கொள்கிறேன்” என்றார். மறுநாள் அவர் அனுப்பிய குறிப்பு மொத்தம் மூன்று வரி. ஒன்றரை மணி நேரம் பேசியதில் முடிவானது அவ்வளவுதான் என்று வெறுப்போடு சொன்னார். அடுத்த கூட்டம் நாற்பது நிமிடத்தில் முடிந்தது.

நான்கு தாள்களைக் கொண்டுவந்த அந்த ஆசிரியருக்கு மறு ஆண்டே பதவி உயர்வு கிடைத்தது. திட்டத்தைத் திருத்தும் பணியில் சேருமாறு அவரைக் கேட்டபோது, “இல்லை, சார். ஒரு கட்டுரை பாதியில் நிற்கிறது” என்றார். மறுத்ததை எங்கும் குறித்துவைக்கவில்லை.

கோப்பில் இருக்கும் பழைய வாக்கியத்தை மாற்ற முடியுமா என்று நிர்வாகத்தில் விசாரித்தேன். ஆய்விதழில் பெயரை மாற்றலாம். கோப்பில் கையொப்பமிட்ட தாளை எடுக்க விதி இல்லை, வேண்டுமானால் இணைப்பு ஒன்றைச் சேர்க்கலாம் என்றார்கள். அவருடைய அனுமதியோடு அந்த நான்கு தாள்களின் நகலைச் சேர்த்தேன். ‘நிர்வாகப் பணிகளில் இவர் காட்டிவரும் ஈடுபாடு பாராட்டுக்குரியது’ என்ற தாளுக்கு அடுத்து, எழுபத்து நான்கு வரிசைகளும் இரண்டு வெற்றுக் கட்டங்களுமாக அந்த அட்டவணை இப்போது இருக்கிறது.